சித்திரையில் 84, மார்கழியில் 158: ஒரு பூப்பறிக்கும் அம்மாவின் ரத்த அழுத்தம்

அந்த அம்மாவுக்கு 63 வயது. திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மல்லிகைத் தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறிக்கிறவர். அக்னி நட்சத்திரம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காலை ஒன்பதரை மணிக்கு நெற்றியில் ஈரத்துண்டைச் சுற்றி ஷேர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துண்டெல்லாம் ரத்தம். இடுப்பில் கட்டியிருந்த பூமடியை அவிழ்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சிகிச்சை அறை முழுக்க மல்லிகை மணத்தது.

கூட வந்த மருமகள் விவரம் சொன்னார். விடியக்காலை நாலு மணிக்குத் தலையில் டார்ச்சை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கியவர் ஒன்பது மணிவரை பறித்திருக்கிறார். எடை போடும் இடத்துக்கு வந்து தன் முறைக்காக நின்றிருக்கிறார். "கண்ணு இருட்டுது" என்று சொன்னாராம். அப்படியே தராசு மேல் சாய்ந்துவிட்டார். கை கால் இழுக்கவில்லை, நுரை தள்ளவில்லை. படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்ததும் ஒரு நிமிடத்துக்குள் பேச்சு வந்துவிட்டது. முதலில் கேட்டது, "பூவை எடை போட்டாச்சா?"

இந்த நிகழ்வை விரிவாக எழுத அவரிடமே அனுமதி கேட்டேன். "எழுதுங்க தாயி, எம்பேரு மட்டும் வேணாம்" என்றார். பெயர், ஊர், வருடம் மூன்றையும் விட்டுவிட்டு மற்றதை உள்ளபடி எழுதுகிறேன். இதில் என் பங்கும் இருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

வந்த நிலை

"பத்து நாளாவே கிறுகிறுன்னுதான் வருது. குனிஞ்சு நிமிந்தா ஒலகமே சுத்துது. பித்தமா இருக்கும்னு இஞ்சியும் எலுமிச்சம்பழமும் பிழிஞ்சு குடிச்சேன்" என்றார். உப்புப் போட்டா, சீனி போட்டா என்று கேட்டேன். "பிரசருக்கு ஆகாதுன்னு உப்புப் போடலை. சீனியும் போடலை."

படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 112/68, நாடித்துடிப்பு 84. இதை மட்டும் பார்த்திருந்தால் பி.பி. நார்மல் என்று எழுதி, நெற்றியில் நாலு தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம். மெல்ல எழுப்பி நிற்க வைத்தோம். ஒரு நிமிடத்தில் 92/58, நாடி 110. மூன்றாவது நிமிடத்தில் 84/54. உதடு வெளிறி, "வருது தாயி, வருது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே படுக்க வைத்தோம்.

எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே அது கவனிக்க வேண்டிய வீழ்ச்சி. இவருக்கு 28, 14. மயக்கம், தலைச்சுற்று என்று யார் வந்தாலும் நிற்கவைத்து ஒரு தடவை பி.பி. பார்ப்பதற்கு மூன்று நிமிடம்தான் ஆகும். கூட்டமான வெளிநோயாளர் நேரத்தில் அந்த மூன்று நிமிடத்தைத்தான் நாம் மிச்சம் பிடிக்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

காய்ச்சல் பார்த்ததில் 99.4 டிகிரி பாரன்ஹீட். வெப்பத் தாக்கு என்றால் 104-க்கு மேல் போயிருக்கும், பேச்சும் குழறியிருக்கும். இவர் தெளிவாக இருந்தார். சர்க்கரை 118. ஈ.சி.ஜி.யில் குறை இல்லை. கை கால் பலம் இரு பக்கமும் சமம். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கணுக்காலிலும் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. நாக்கு வறண்டிருக்க, கால் வீங்கியிருக்கிறது. இந்த இரண்டும் ஒரே உடம்பில் எப்படி என்பதில்தான் இந்தக் கதையின் பாதி இருக்கிறது.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டதும் மருமகள் ஒரு மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்தார். பி.பி.க்கு, காலையில் டெல்மிசார்டன் 40 மில்லிகிராமும் ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை. இரவில் அம்லோடிபின் 5 மில்லிகிராம். அப்புறம், அட்டையில் பாதி வெட்டிய டைக்ளோபெனாக். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் சொல்லி வாங்கியது. மூன்று வாரமாகத் தினம் இரண்டு.

காலை மாத்திரையில் இருக்கும் அந்த ஹைட்ரோகுளோரோதயசைட், நம் பேச்சில் நீர் மாத்திரை, தை மாதம் புதிதாகச் சேர்த்தது. சேர்த்தவள் நான்தான்.

ரத்தம் ஏறியதும் இறங்கியதும்

ரத்தப் பரிசோதனை முடிவுகள் மதியத்துக்குள் வந்தன. தையில் ஹீமோகுளோபின் 11.9 இருந்தவருக்கு இப்போது 13.8. சிவப்பணுக்களின் பங்கு 37 சதவீதத்திலிருந்து 43 ஆகியிருந்தது. யூரியாவும் கிரியாட்டினினும் சிறுநீரகம் தளர்ந்தால் ஏறுபவை. யூரியா 58. கிரியாட்டினின் 0.9 இருந்தது 1.5 ஆகிவிட்டது. சோடியம் 128. 135-க்குக் கீழே போனாலே குறைவுதான்.

மகன் தாளை வாங்கிப் பார்த்தார். பத்தாவது வரை படித்தவர், பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர். "ரத்தம் நல்லாத்தான டாக்டரம்மா ஏறியிருக்கு? பெறகு ஏன் மயக்கம்?" என்றார்.

குழம்பை அடுப்பில் மறந்து வைத்துவிட்டால் என்ன ஆகும்? சுண்டும். சுண்டிய குழம்பில் காய் நிறையக் கிடப்பதுபோலத் தெரியும். காய் கூடவில்லை, தண்ணீர்தான் போய்விட்டது. அவர் அம்மாவின் ரத்தமும் அப்படிச் சுண்டியிருந்தது. ரத்தத்தில் பாதிக்கு மேல் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி. அது குறைந்தால் மிச்சமிருக்கும் ரத்தத்தில் அணுக்களின் செறிவு கூடும். ஹீமோகுளோபின் ஏறியதாகத் தாள் காட்டும். ஆனால் குழாய்க்குள் ஓடுவதற்கு ரத்தம் போதாது.

இதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் கீட்டிங் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்களை 41 டிகிரி செல்சியஸ் வெப்பக் காற்றில் 6 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். சிவப்பணுக்களின் எண்ணிக்கை 9 சதவீதமும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 18 சதவீதமும் கூடின. ரத்தத்தின் பிசுபிசுப்பு 24 சதவீதம் கூடியது. 41 டிகிரி என்பது நம் மதுரைக்குக் கதை கேட்பது போன்ற எண் இல்லை. சித்திரை, வைகாசியில் நாம் குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற எண். கெட்டியான ரத்தம் எளிதில் உறையும். கோடையிலும் மாரடைப்பும் பக்கவாதமும் வருவதற்கு இது ஒரு வழி.

இரண்டு நாள் படுக்கையில் வைத்துச் சிரை வழியாக உப்புநீர் ஏற்றினோம். சோடியம் குறைந்திருப்பவருக்கு அவசரமாக ஏற்றக் கூடாது. அது மூளையைப் பாதிக்கும். அதனால் மெதுவாக, இடையிடையே சோடியத்தை அளந்து பார்த்துக்கொண்டே ஏற்றினோம். நீர் மாத்திரையையும் டைக்ளோபெனாக்கையும் முற்றிலும் நிறுத்தினோம். மற்ற பி.பி. மாத்திரைகளையும் அப்போதைக்கு நிறுத்தி வைத்தோம். மூன்றாம் நாள் படுத்தால் 138/84, நின்றால் 130/80. கிரியாட்டினின் 1.2-க்கு இறங்கியது. சோடியம் 134. ஹீமோகுளோபின் 11.6.

இப்போது மகனுக்குக் கோபம். "வரும்போது 13.8 இருந்துச்சு. ரெண்டு நாள்ல ரெண்டு புள்ளி ரத்தத்தக் கொறச்சுட்டீகளே!" அவர் கேட்டதில் தப்பே இல்லை. தாளை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மறுபடி குழம்பைச் சொல்லித்தான் புரியவைத்தேன். 11.6-தான் அவருடைய உண்மையான அளவு. கொஞ்சம் சோகை எப்போதும் இருந்திருக்கிறது, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம். வெயில் காலத்தில் உடம்பில் நீர் வற்றிப்போய் வருகிறவரின் ஹீமோகுளோபினை அப்படியே நம்பி, சோகை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

வெயிலில் ரத்தம் எங்கே போகிறது

உடம்புச் சூட்டை வெளியே தள்ளுவதற்கு ரத்தத்தைத் தவிர வேறு வண்டி கிடையாது. உள்ளே பிறக்கும் சூட்டை ரத்தம்தான் சுமந்துகொண்டு தோலுக்கு வருகிறது. வியர்வை ஆவியாகும்போது அந்தச் சூடு வெளியேறுகிறது. சாதாரண நேரத்தில் தோல் வழியாக ஓடும் ரத்தம் நிமிடத்துக்கு அரை லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை போகக்கூடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் மொத்தமாகத் தள்ளுவதே நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். தோலின் குழாய்கள் விரிய விரிய அழுத்தம் குறையும். அதைத் தாங்க இதயம் வேகமாக அடிக்கும், குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தம் சுருங்கும்.

இதற்கு மேல், நிற்பது. படுத்திருப்பவர் எழுந்து நின்றாலே அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள் நொடியில் இதைக் கண்டுபிடித்து, குழாய்களை இறுக்கச் சொல்லி உத்தரவு போடும். வயதாக ஆக அந்த உத்தரவு தாமதமாகும். மல்லிகைச் செடி இடுப்புயரம்கூட இருக்காது. பறிப்பவர் அஞ்சு மணி நேரம் குனிந்து, நகர்ந்து, குனிந்து, கடைசியில் நிமிர்ந்து எடை வரிசையில் அசையாமல் நிற்கிறார். நடந்துகொண்டிருக்கும்வரை கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளும். அசையாமல் நின்றால் அந்த உதவியும் இல்லை. அவர் செடிப்பாத்தியில் விழவில்லை, தராசுக்கு முன்னால்தான் விழுந்தார். அது தற்செயல் இல்லை.

மாத்திரைகளின் கணக்கைப் பார்ப்போம். வெயில் ஏற்கெனவே விரித்து வைத்திருக்கும் குழாய்களை அம்லோடிபின் இன்னும் விரிக்கும். வியர்வையில் உப்பும் நீரும் போய்க்கொண்டிருக்கையில் நீர் மாத்திரை அதையே சிறுநீர் வழியாகவும் வெளியேற்றும். நீர் வற்றும்போது உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு ஹார்மோன் சங்கிலியை இயக்கி, குழாயை இறுக்கி, உப்பைப் பிடித்து வைக்கும். டெல்மிசார்டன் அந்தச் சங்கிலியைத் தடுக்கிறது. சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் சின்னக் குழாய் விரிந்திருக்க உதவும் பொருளை டைக்ளோபெனாக் நிறுத்திவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல மருந்துகள்தான். டைக்ளோபெனாக்கைத் தவிர மற்ற மூன்றும் தையில் அவருக்கு ஒத்துப்போனவைதான். வற்றிய உடம்பில் நான்கும் ஒன்றுசேர்ந்தபோது கிரியாட்டினின் 1.5 ஆகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

கால் வீக்கத்துக்கு வருகிறேன். அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வெயிலில் நின்று வேலை செய்தால் அது அதிகமாகும். குழாயிலிருந்து கசிந்து தோலுக்கு அடியில் தேங்கும் நீர் அது. ரத்தத்துக்குள் நீர் குறைந்திருக்கும்போதே காலில் நீர் தேங்கியிருக்கலாம். ஆனால் அவருக்கு யாரோ சொன்னது வேறு: "ஒடம்புல தண்ணி சேந்துருச்சு, தண்ணியக் கொற." அதை நம்பி அவர் தண்ணீரைக் குறைத்தார். பி.பி.க்கு ஆகாது என்று பழைய சோற்று நீராகாரத்திலும் உப்பை விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் தாகம் தாங்காமல் செம்பு செம்பாகப் பச்சைத் தண்ணீர். உப்பு போகிறது, தண்ணீர் மட்டும் திரும்புகிறது. சோடியம் 128 ஆனது இப்படித்தான், கூடவே நீர் மாத்திரையாலும்.

தோட்டத்தில் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார். மருமகள் வெளியே போன பிறகு சொன்னார்: "குடிச்சா ஒதுங்கணும்ல தாயி. அங்கிட்டு எங்க ஒதுங்க? நாலு பக்கமும் வெளியா கெடக்கு, ஆம்பளைக வந்து போற எடம்."

எத்தனை வருடமாகப் பி.பி. பார்த்திருக்கிறேன்! "தண்ணி நிறையக் குடிங்க" என்று எத்தனை பெண்களிடம் சொல்லியிருக்கிறேன்! ஒதுங்க இடம் இருக்கிறதா என்று ஒருத்தரிடமும் கேட்டதில்லை. இந்த வட்டாரத்தில் வயலிலும், செங்கல் சூளையிலும், நூறு நாள் வேலையிலும் நிற்கும் பெண்களுக்குக் கோடை மயக்கம் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எந்த மாத்திரைச் சீட்டிலும் இது வராது. தோட்டக்காரரிடம் பேசிப் பார்த்தேன், பார்க்கலாம் என்றார். அவர் பார்ப்பதற்குள் பறிக்கிற பெண்களே நாலு கம்பை நட்டுப் பழைய சேலைகளைச் சுற்றி மறைப்புக் கட்டிக்கொண்டார்கள்.

மஞ்சப்பை

அந்தப் பைக்குள் மாத்திரைகளோடு ஆறு வருடச் சீட்டுகள் இருந்தன. படிக்காதவர், ஒன்றையும் தூக்கி எறியவில்லை. மூன்று வெவ்வேறு இடங்களில் காட்டிய சீட்டுகள். சில மழையில் நனைந்து மை பரவியிருந்தன. இரவுப் பணியில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தபோது அவற்றை மேசையில் வருட வரிசைப்படி அடுக்கினேன். ஒன்றும் பிடிபடவில்லை. 148, 118, 144, 122, 150, 116. ஏறுகிறது, இறங்குகிறது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடாதவர் என்று யாரோ ஒரு சீட்டில் எழுதியே வைத்திருந்தார்கள்.

அப்புறம் வருடத்தை மறந்து மாதப்படி அடுக்கினேன். சித்திரை, வைகாசிச் சீட்டுகள் ஒரு பக்கம்: 118, 122, 116. மார்கழி, தைச் சீட்டுகள் ஒரு பக்கம்: 148, 144, 150. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வொரு தையிலும் மாத்திரை கூடியிருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும், நாம் யாரும் குறைக்காததால், அவரே ஒருவாரம் பத்துநாள் நிறுத்தியிருக்கிறார். "சாப்பிட்டாத்தான் கிறுகிறுன்னு வருது, விட்டா நல்லா இருக்கு" என்று அதற்குக் காரணமும் சொன்னார். அவர் உடம்பு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் கேட்கவில்லை. இந்த வருடம் புது மாத்திரை என்பதால் பயந்து, ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார்.

பருவத்துக்குப் பருவம் ரத்த அழுத்தம் மாறுவது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய மிதமான ரத்தக்கொதிப்புச் சோதனையில் 17,000-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைப் பார்த்து, குளிர்காலத்தில் கூடுகிறது, கோடையில் குறைகிறது என்று 1982-லேயே எழுதிவிட்டார்கள். வயதானவர்களிடம் இந்த வித்தியாசம் அதிகம் என்றும் அதில் இருந்தது. ஐரோப்பிய ரத்தக்கொதிப்புச் சங்கத்தின் நிபுணர் குழு 2020-இல் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. சராசரி வித்தியாசம் மேல் அளவில் 5, கீழ் அளவில் 3 என்கிறது அது. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வெயில் காலத்தில் மேல் அளவு 110-க்குக் கீழே போனாலோ, மயக்கம் போன்ற தொல்லை இருந்தாலோ மருந்தைக் குறைக்க யோசிக்கலாம் என்றும் சொல்கிறது. 5 என்பது சராசரிதான். வயதானவர், மூன்று மருந்து சாப்பிடுகிறவர், வெட்டவெளியில் உழைக்கிறவர் என்றால் அது 25, 30 ஆவதில் வியப்பில்லை.

தையில் நான் பார்த்த 150/90 பொய்யில்லை. ஆனால் அது எப்படிப்பட்ட நேரம் என்று யோசித்திருக்க வேண்டும். கார்த்திகையில் செடியைக் கவாத்து செய்துவிடுவார்கள். பங்குனியில் மொட்டு கட்டும்வரை பறிப்பு அதிகம் இருக்காது. அவர் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்கள் அவை, வியர்க்காத மாதங்கள். அன்று காலை மினி பஸ்ஸில் ஜன்னலோரம் குளிர்காற்று வாங்கிக்கொண்டு வந்தவருக்கு உடனே கையில் பட்டையைச் சுற்றி அளந்து, நீர் மாத்திரையைச் சேர்த்தேன். கூட்டியதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பங்குனியில் வந்து காட்டச் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று எழுதியிருந்தேன்.

மார்கழி

வீட்டுக்கு அனுப்பும்போது இரவு அம்லோடிபின் மட்டும். பன்னிரண்டாம் நாள் கிரியாட்டினின் 0.9, சோடியம் 138. அதன்பின் டெல்மிசார்டனை 20 மில்லிகிராம் அளவில் மறுபடி தொடங்கினோம். சோடியம் 128 வரை போனவர் என்பதால் நீர் மாத்திரை இனி எந்தப் பருவத்திலும் இவருக்கு வேண்டாம் என்று சீட்டின் மேலேயே சிவப்பு மையில் எழுதினேன். முழங்காலுக்கு டைக்ளோபெனாக் மாத்திரைக்குப் பதில் பாரசிட்டமாலும் தொடைத் தசைப் பயிற்சியும். தோட்டத்துக்கு உப்புப் போட்ட நீராகாரம் அல்லது நீர்மோர். மயக்கமாக வரும் நாளில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த உப்பு, தண்ணீர்க் கணக்கு பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். எடை வரிசையில் நிற்க வேண்டாம், வரப்பில் உட்காருங்கள், எழும்போது காலை நாலு தடவை நீட்டி மடக்கிவிட்டு எழுங்கள் என்றேன். அதைத்தான் அவர் மறக்காமல் செய்கிறார்.

மருமகளிடம் பி.பி. பார்க்கும் கைக்கருவி வாங்கிக்கொடுக்கச் சொன்னேன். வாரத்தில் இரண்டு நாள், காலையில் மாத்திரைக்கு முன், அஞ்சு நிமிடம் உட்கார்ந்தபின், முதுகைச் சாய்த்து, கால் தரையில் பதிய. கையில் சேலையோ ரவிக்கையோ குறுக்கே இல்லாமல். அதையே நின்றும் ஒரு தடவை. பழைய பள்ளி நோட்டில் தமிழ் மாதம் போட்டு எழுதச் சொன்னேன். வைகாசியிலும் ஆனியிலும் 122, 126, 120. ஐப்பசி மழை பிடித்ததும் 134, 138. மார்கழி நடுவில் வந்தபோது என் அறையில் 158/92. நோட்டில் அந்த வாரச் சராசரி 150/88.

மதுரையில் குளிரா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மார்கழி விடியலில் இங்கே 20 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த நேரத்தில் தலைக்குக் குளித்து ஈரச் சேலையோடு வாசலில் கோலம் போடுகிறவருடைய தோலுக்கு அது குளிர்தான். தோல் குழாய்கள் சுருங்கும், ரத்தம் உள்ளே தள்ளப்படும், அழுத்தம் ஏறும். வியர்வையில் உப்பும் போகாது. கீட்டிங் குழுவின் 1984 ஆய்வு இதற்குச் சரியான சாட்சி. வெறும் 24 டிகிரி, காற்று வீசும் அறை, 6 மணி நேரம். அவ்வளவுதான். ரத்த அழுத்தம் சராசரியாக 126/69-லிருந்து 138/87 ஆனது. சிவப்பணுக்களின் பங்கு 7 சதவீதம் கூடியது. ரத்தத்தின் பிசுபிசுப்பு 21 சதவீதம் கூடியது. வெயிலில் நீர் வியர்வையாகப் போய் ரத்தம் சுண்டுகிறது. குளிரில் தோல் இறுகி உள்ளே சேர்ந்த நீரை உடம்பு சிறுநீராகக் கழித்துவிடுவதால் சுண்டுகிறது. குளிருகிற காலையில் அடிக்கடி சிறுநீர் வருவது இதனால்தான். இரண்டு வழியிலும் ரத்தம் கெட்டியாகிறது. ஆனால் அழுத்தம் மட்டும் ஒன்றில் விழுகிறது, ஒன்றில் ஏறுகிறது.

டெல்மிசார்டனை 40-க்குக் கூட்டினோம். தைப்பொங்கல் கழிந்து வந்தபோது 136/82. சித்திரையில் குறைத்ததை அப்படியே விட்டிருந்தால் மார்கழி முழுக்க 158-லேயே ஓடியிருக்கும். கோடையில் விழுந்து நெற்றி உடைந்ததைவிட அது மோசம். ஏனென்றால் அது வலிக்காது.

பக்கத்து வீட்டு அம்மா

பங்குனி முதல் வாரம் நான் கூப்பிடாமலே வந்தார். நோட்டில் 118, 114, 116. நின்றால் 108. மொட்டுக் கட்டத் தொடங்கிவிட்டது, மறுவாரம் பறிப்பு என்றார். டெல்மிசார்டனை 20-க்கு இறக்கினேன். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரமாகும். பழகப் பழக ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வையில் போகும் உப்பு குறையும். அதனால் முதல் வாரம் பாதி நேரம் மட்டும் பறியுங்கள் என்று சொன்னேன். கூலி கிலோக் கணக்கு. எவ்வளவு கேட்டார் என்று தெரியாது.

கிளம்பும்போது கதவுக்கிட்ட நின்று, "எங்க வீட்டுக்கு அடுத்த வீட்டு மதினிக்கும் இதே கிறுகிறுப்புத்தான் தாயி. ஒங்க மாத்திரைய பாதியா ஒடச்சுச் சாப்பிடுங்க மதினி, வெயில் வந்துருச்சுன்னு சொல்லிட்டேன்" என்றார் சந்தோஷமாக.

அந்த மதினி என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? தெரியவில்லை. இதயத்துக்கா, வலிப்புக்கா, சர்க்கரைக்கா? அதுவும் தெரியவில்லை. வட்டமாக, வெள்ளையாக இருக்குமாம். நாளைக்கே அவரையும், அவர் மாத்திரை முழுவதையும், வீட்டில் இருக்கும் சீட்டு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அதுவரை ஒரு மாத்திரையையும் உடைக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இருவரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் இன்னொரு மஞ்சப்பை. மதினியைப் படுக்கவைத்து அளந்தேன். பிறகு நிற்கவைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று நிமிடம் காத்திருந்தேன்.